குறை சொல்லாத ஒரு வாரம்

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் சேர்ந்த காற்றை வெளியே விட, அதன் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் போதும். நான் முழுதாகவே கழற்றிவிட்டேன். அது தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. அது இருந்த ஓட்டையிலிருந்து, பல வருஷமாகக் குழாய்களுக்குள் ஊறிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலில் என் முகத்தில். நான் விலகியதும் பக்கத்துச் சுவரில். அந்தச் சுவருக்கு முந்தின நாள்தான் வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தேன், பூஞ்சணம் வெளியே தெரியக் கூடாது என்று.

ஓட்டையை ஆள்காட்டி விரலால் அடைத்துக்கொண்டு இன்னொரு கையால் சுவரைத் தட்டினேன். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டம்மா பெரில் பின்வாசல் வழியாக வந்தார். அவசரம் ஒன்றும் இல்லை. கையில் தேநீர்க் கோப்பை வேறு.

“என்னப்பா கிளிஃப், சுவத்துக்குக் கண்மை வெச்சு விடுறியா?”

“விளையாடாதீங்க பெரில். திருகு கட்டிலுக்கடியில போயிடுச்சு. விரலை எடுத்தேன்னா வீடு முழுகிடும்.”

“எடுக்காத. அப்படியே நில்லு. உன் மருமகன் ஊர்ல கடலையே அடைச்சு வெச்சிருக்காங்களாமே. உன்னைப் பாத்ததும் சொந்த ஊருக்கே வந்த மாதிரி இருக்கும் அவனுக்கு.”

சொல்லிவிட்டு, கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, விளக்குமாற்றால் துழாவித் திருகை எடுத்துத் தந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சுவரே தேவலை,” என்றார்.

அன்று காலை ராட்டர்டாமிலிருந்து வரும் கப்பலில் என் மகள் லின்சி, அவள் கணவன் ஹார்மென், அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் ஃபென்னா மூவரும் வருகிறார்கள். லின்சி நர்ஸ். நெதர்லாந்தில் குரோனிங்கன் என்ற ஊரில் குடித்தனம். எங்கள் ஹல் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனில் அவள் இதைச் சொன்ன விதம் இது: “சும்மா ஒரு வாரம் வந்து பாத்துட்டுப் போறோம்ப்பா.” எங்கள் குடும்பத்தில் முக்கியமான எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘சும்மா’ நிற்கும். என் மனைவி ஷீலா, “சும்மா ஒரு செக்கப்புக்குப் போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அதனால் இந்த ‘சும்மா’வை நான் சும்மா விடவில்லை. பெயிண்ட் அடித்தேன், ரேடியேட்டரைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக எங்கள் கிளப்புக்குப் போய் ஒரு தடை உத்தரவு போட்டேன். என் மருமகன் இருக்கும் வாரத்தில் யாரும் அவன் காது கேட்க இந்த நாட்டைக் குறை சொல்லக் கூடாது.

இது லேசான உத்தரவு இல்லை. எங்கள் கிளப்பில் இருபது வருஷமாக ஒரே பேச்சுத்தான். ஜெர்மனியை விட நாம் மோசமா, பிரான்ஸை விட மோசமா, டென்மார்க்கோடு ஒப்பிடவே வெட்கமாயில்லையா. இத்தனைக்கும் எங்களில் அதிகம் ஊர் சுற்றியவர் ஒரு முறை ஸ்பெயினுக்குப் போய், தோல் உரிந்து, இரண்டாம் நாளே திரும்பி வந்தவர். தீர்ப்பு மட்டும் ஒருநாளும் மாறாது. நாம்தான் மோசம். அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரன் சொன்னால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முறைப்போம்.

“அப்ப ஒரு வாரம் நாங்க என்னத்தப் பேசுறது?” என்று கிளப்பில் கேட்டார்கள்.

“பேசாம இருங்க.”

“மழையைச் சொல்லலாமா?” என்று கேட்டார் பெரில்.

“மழை நாட்டோட தப்பில்லையே பெரில்.”

“என் கூரை வழியா உள்ள வர்றது யாரோட தப்பு?”

கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். தடையை மீறுகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார் என்று எனக்கு நிச்சயம். தெருவின் மொத்தக் குறையையும் ஒற்றை ஆளாகச் சுமப்பவர் அவர்.

ஹார்மென் நெடுநெடுவென்று இருப்பான். உள்ளே நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டான். “மன்னிச்சுக்க மாப்ளே,” என்றேன். எங்கள் ஊரில் யார் இடித்துக்கொண்டாலும் பக்கத்தில் நிற்பவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் ஊர்க்காரர்களுக்கு மனதுக்கும் வாய்க்கும் நடுவே கதவே கிடையாது. முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை, ஷீலா செய்த மாட்டிறைச்சி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “கொஞ்சம் காய்ஞ்சு போச்சு, ஆனா உருளைக்கிழங்கு பிரமாதம்,” என்றான். அதற்குப் பிறகு லின்சி அவனைப் பழக்கிவிட்டாள். அப்பா எதைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னு சொல்லு, எதையும் நேரா கேக்காத, எதுக்கும் நேரா பதில் சொல்லாத. இது எனக்கும் தெரியும். அதனால் அவன் எதைப் புகழ்ந்தாலும் பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்வேன்.

மாடி அறைக்கு அவர்களை அழைத்துப் போனேன். வெண்ணெய் நிறச் சுவரில் கறுப்பாக ஒரு பெரிய வால் நட்சத்திரம்.

ஹார்மென் அதைப் பார்த்தான். லின்சி அவனைப் பார்த்தாள். “ரூம் நல்லா இருக்கு,” என்றான் ஹார்மென். “ஜன்னல் வழியா மரம் தெரியுது. வெளிச்சம் நல்லா வருது.”

நான் “தேங்க்ஸ் மாப்ளே” என்று நிறுத்தியிருக்கலாம். என் வாய் தனியாகக் கிளம்பிவிட்டது.

“வெளிச்சம் வரும். காத்தும் கூடவே வரும். இந்த வீடெல்லாம் ரூமுக்கு ரூம் நிலக்கரி எரிச்ச காலத்துல கட்டினது. இப்ப எரிக்கறதில்ல, குளிர மட்டும் குளிரும். அந்தச் சுவத்துல பெயிண்டுக்கடியில என்ன வளருதுன்னு எனக்கே தெரியாது.”

ஹார்மென் சுவரை இன்னொரு முறை, கொஞ்சம் கவனமாகப் பார்த்தான். ஃபென்னாவின் படுக்கையை அதை விட்டுத் தள்ளிப் போட்டான்.

அடுத்த தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. சும்மா பார்க்கப் போனோம். காட்டுவதற்கு வந்த பையன் புது ஷூ போட்டுக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். ஹார்மென் தோட்டத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஆப்பிள் மரம் ஒன்று இருந்தது. ஃபென்னா அதில் ஏறப் பார்த்தாள்.

“எங்க ஊர்ல இவ்வளவு இடத்தோட வீடு கிடைக்கவே கிடைக்காது,” என்றான். “ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“பிடிக்கும் பிடிக்கும்,” என்றேன். “இங்க முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் கூரையைப் பாத்தாங்க.”

அந்தப் பையன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை ஃபென்னாவுக்குக் காதுவலி. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க, காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். எட்டு மணிக்கு எங்கள் ஊரே போன் செய்யும். ஆனால் அன்று என்ன அதிசயமோ, இரண்டாவது முறையே எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வரச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் ஃபென்னாவின் பொம்மை முயலின் காதையும் பார்த்து, அதற்கும் ஒரு மருந்து சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் ஹார்மெனின் முகம் மலர்ந்திருந்தது.

“எவ்வளவு அன்பா பேசுனாங்க. எங்க ஊர்னா, ரெண்டு மாத்திரை போட்டுட்டுப் படு, அப்புறம் பாக்கலாம்னு போன்லயே சொல்லியிருப்பாங்க.”

“இன்னிக்கு உனக்கு அதிர்ஷ்டம்,” என்றேன். “என் முழங்கால் ஆபரேஷனுக்கு எழுதிப் போட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா? வரிசையில இருக்கேன்கிறாங்க. வரிசை எங்க இருக்குன்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

ஹார்மென் தலையாட்டினான். அவன் மனதுக்குள் எதையோ குறித்து வைத்துக்கொள்வது போல இருந்தது. சும்மா மரியாதைக்குத்தான் கேட்டுக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரில் தன் வாக்கைக் காப்பாற்றினார். ஒரு நாள் தேநீருக்கு வந்து, ஹார்மெனிடம், “பஸ்ஸ விட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்குத் தேங்க்ஸ் சொல்றாங்க பாத்தியா, அது எல்லா ஊர்லயும் கிடையாது” என்றார். கழிமுகத்தின் மேல் நிற்கும் பாலத்தைப் பற்றிச் சொன்னார். ஷீலா இறந்த வாரத்தில் தெருவே முறை வைத்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்ததைச் சொன்னார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருந்தா, தெரு மேல வழக்கே போட்டிருப்ப மாப்ளே,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரில் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வரை வழியனுப்பப் போனபோது, “தடை எனக்கு மட்டும்தானாப்பா?” என்று கேட்டார். நான் அதையும் ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

“நீங்க சொல்லுங்க பெரில், வந்துடுவாங்களா?”

“போகப் போகத் தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் நானும் ஹார்மெனும் மட்டும் கழிமுகக் கரையில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்திலிருந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே எங்கள் ஊர்ச் சிவப்பு மசாலா தூவியது. அதை அவன் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். ஓதம் வற்றி, சேறு பளபளவென்று கிடந்தது. வெயில் பாலத்தின் கம்பிகளில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்து வெளிச்சத்தில் அந்தச் சேறுகூட அழகாக இருக்கும். இதற்காகவே நான் தினமும் அங்கே போகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவன் பொட்டலத்தை மடித்துப் பக்கத்தில் வைத்தான். லின்சி கூட இல்லாத தைரியம்.

“கிளிஃப், நேராவே கேக்கறேன். இங்க வாழறது நல்லா இருக்கா?”

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. கிளப்பில் இருபது வருஷம் அதையேதான் பேசியிருக்கிறோம், ஆனால் யாரும் யாரையும் கேட்டதில்லை. ‘நல்லா இருக்கு’ என்று இரண்டு வார்த்தை. அதற்குப் பிறகு, ‘நீங்க வந்தா இன்னும் நல்லா இருக்கும்’ என்று சேர்த்துக்கொண்டாலும் மூச்சு முட்டாது. அவ்வளவும் நெஞ்சு வரை வந்தது.

“பழகிடும் மாப்ளே,” என்றேன். “ஜெயிலும் பழகிடும்ல.”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். ஒரு கடற்பறவை வந்து அவன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. “பாத்தியா, பறவைகூட இங்க திருட்டுப் பயதான்,” என்று அதையும் விடாமல் சொன்னேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், லின்சி சமையலறையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா.”

“ம்.”

“நாங்க இங்க வந்துட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

நான் குழாயை மூடினேன். கெட்டிலைப் போட்டேன். எங்கள் வீட்டில் கெட்டில் சத்தம் போடும்போது பேச வேண்டியதில்லை என்பது ஒரு பெரிய வசதி.

“என்னைப் பாத்தெல்லாம் முடிவு பண்ணாதம்மா. எனக்கென்ன, நான் பாட்டுக்கு இருப்பேன். உங்களுக்கு எது நல்லதோ அதைப் பாருங்க.”

“சரிப்பா,” என்றாள்.

“சர்க்கரை போடட்டுமா?”

“நான் சர்க்கரையை விட்டு ரொம்ப நாளாச்சுப்பா.”

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர்களாக அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் கேட்டேன். “அப்புறம்? என்ன யோசனை?” என்று, ஏதோ வானிலையைக் கேட்பது போல. “பாக்கலாம்ப்பா” என்றாள் லின்சி. என் மகள்தானே. வெள்ளிக்கிழமை அவள் தோட்டத்தில் நின்று போனில் பேசிவிட்டு, வெகு நேரம் துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குச் சரி என்று சொல்லியிருப்பாள், சந்தோஷத்தில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மனசு எதைக் கேட்கிறதோ அதையே கண்ணும் காட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் கப்பல். துறைமுக வாசல் வரை அவர்கள் காரிலேயே போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்புவது என் வழக்கம். ஃபென்னா பின்சீட்டில் முயலைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். லின்சி அவள் பக்கத்தில். வண்டிகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஹார்மென் காரை ஓரம் கட்டினான். நான் இறங்கினேன். அவனும் இறங்கி, சுற்றி வந்து என் முன்னால் நின்றான். லின்சி ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

“கிளிஃப், இந்த வாரம் முழுக்க லின்சி சொன்ன மாதிரியே நடந்துக்கிட்டேன். இப்ப எங்க ஊர் வழக்கப்படி பேசட்டுமா?”

“பேசு மாப்ளே.”

“வேலைக்கு வரலைன்னு லின்சி நேத்தே சொல்லிட்டா.”

“அப்படியா,” என்றேன். “சரி சரி. அதுதான் புத்திசாலித்தனம். இந்த ஊர்ல வந்து என்ன பண்ணப்போறீங்க.”

“பாத்தீங்களா,” என்றான் ஹார்மென். கோபமாக இல்லை. களைத்துப் போனவன் போல. “இப்பவும் அதையேதான் சொல்றீங்க.”

துறைமுகக் காற்று எங்கள் ஊரில் எப்போதும் கண்ணைத்தான் குறிவைக்கும். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அப்ப, இங்க உங்க ஊரை விட மோசம்னுதானே முடிவு பண்ணீங்க?”

“இல்லை. மோசம் இல்லை. வீடு குளிருது, அது உண்மை. எங்க ஊர்ல வீடு குளிராது, ஆனா வீடே கிடைக்காது. ரயில் உங்க ஊர்ல வரலை, எங்க ஊர்ல லேட்டா வரும், அதைப் பத்தி நாங்க கூட்டம் போடுவோம். கூட்டிக் கழிச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். அந்த டாக்டரம்மாவைப் பிடிச்சிருந்துச்சு. அந்த ஆப்பிள் மரம், அந்த சிப்ஸ், பெரில், எல்லாம் பிடிச்சிருந்துச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரி லின்சிகிட்ட, வந்துடலாம்னு சொன்னேன்.”

“அதெல்லாம் சும்மா மரியாதைக்குச் சொல்றன்னு நெனச்சேன்.”

“நான் மரியாதைக்குச் சொன்னது அந்த ரூமை மட்டும்தான்.”

காருக்குள் லின்சி சிரித்துவிட்டாள். பிறகு கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

“நான் எதை நல்லா இருக்குன்னு சொன்னாலும், அதுல என்ன கெட்டதுன்னு நீங்க சொன்னீங்க,” என்றான் ஹார்மென். “எழுபது வருஷமா இங்கயே இருக்கற மனுஷன். எங்களை எச்சரிக்கறார்னு நெனச்சேன். வராதீங்கன்னு வாய் விட்டுச் சொல்லக் கூச்சம், அதனால இப்படிச் சொல்றார்னு.”

“எச்சரிக்கை இல்லை மாப்ளே. நாங்க பேசறதே இப்படித்தான்.”

“லின்சியும் அதைத்தான் சொன்னா. அப்ப, உங்க அப்பா நிஜமாவே ஒண்ணை மோசம்னு சொல்லணும்னா எப்படிச் சொல்லுவார்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சா. இதே மாதிரிதான் சொல்லுவார்னா.”

வரிசை நகர ஆரம்பித்தது. பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. கையை மட்டும் லேசாகத் தூக்கி, மன்னிக்கும்படி கேட்டார். எங்கள் ஊர்க்காரர்.

“சமையல் ரூம்ல உங்களைக் கேட்டேனேப்பா,” என்றாள் லின்சி. அவள் என்னைப் பார்க்கவில்லை. “நான் பாட்டுக்கு இருப்பேன்னீங்க.”

ஏதாவது நகைச்சுவையாகச் சொல்ல வேண்டும் என்று வாய் தேடியது. எழுபது வருஷத்தில் முதல் முறையாக ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் இருந்த கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, நானும் அவன் ஊர் வழக்கப்படி கேட்டேன்.

“நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா வந்திருப்பீங்களா?”

ஹார்மென் குனிந்து காருக்குள் பார்த்தான். லின்சி, சொல்லு என்பது போலத் தலையசைத்தாள்.

“ஆமா, கிளிஃப்,” என்றான். “வந்திருப்போம்.”